சில்க் போர்டு நெரிசலில் ஒரு விண்கலம்: கதை கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

பெங்களூரில் கே.ஆர்.புரத்தில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். மழை வந்துவிட்டால் வழியில் சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. ஏழு வருடமாக இந்த நேரத்தைப் போனில் ஒலிப்புத்தகமாகக் கதை கேட்டுத்தான் ஓட்டுகிறேன். அதிலும் பெரும்பாலும் மூன்றே வகை: அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை, சஸ்பென்ஸ்.

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மாரத்தஹள்ளி வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டுவிட்டார்.

"என்ன பாட்டுண்ணே கேக்கிய? தலையே ஆட மாட்டேங்குது?"

"பாட்டு இல்லப்பா, கதை."

"கதையா? சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுத மாதிரியா?"

அப்படித்தான். நமக்கு இது புதுசும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கரில் கதை வசன கேசட் ஓட, படத்தையே பார்க்காமல் முழு வசனத்தையும் ஒப்பித்த ஆட்கள் உண்டு. மாறியிருப்பது கருவி மட்டும்தான்.

தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு ஆப்பை இறக்கி, யாரோ சொன்னார்கள் என்று பத்துப் பாகம் உள்ள ஒரு ஆங்கில மாயாஜாலத் தொடரின் முதல் பாகத்தைப் போட்டார். மூன்றாம் நாள், "தூக்கம்தாண்ணே வருது" என்று விட்டுவிட்டார். குற்றம் அவர் மேல் இல்லை. எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம், அப்புறம் புத்தகம்

கைக்கு வேலை இருந்து மனம் சும்மா இருக்கும் நேரம் உங்கள் நாளில் எது என்று பாருங்கள். பஸ், மெட்ரோ, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பது எல்லாம் சரி. ஆபீஸ் மெயில் படித்துக்கொண்டே கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். கண் ஒரு வார்த்தையையும் காது இன்னொரு வார்த்தையையும் ஒரே நேரத்தில் கொண்டு வந்தால் இரண்டுமே நிற்காது. டூ வீலரில் வேண்டவே வேண்டாம். பின்னால் வருகிற தண்ணி லாரியின் ஹாரன்தான் அந்த நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டியது.

சமையலறையில் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: கொலைகாரன் பெயரைச் சொல்லும் நொடியில்தான் மிக்ஸி ஓடும். எப்படி என்று தெரியாது, ஆனால் எங்கள் வீட்டில் தவறியதே இல்லை.

மெட்ரோவில் போகிறவர்கள் புத்தகத்தை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோட் செய்துகொண்டு கிளம்புங்கள். ஊதா வழித்தடத்தில் கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் தாண்டும் வரை வண்டி பூமிக்கடியில் போகிறது. நெட்டை நம்பி ஓட விட்டால் கதை நடுவில் திக்கும். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம் மேலேயே போவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. அவசரம் என்றால் நானே சில நாள் சில்க் போர்டில் இறங்கி மெட்ரோ பிடித்துவிடுவேன். கதை சுவாரசியமாக இருந்தால் பஸ்ஸிலேயே இருந்துவிடுவேன்.

காசு கட்டும் முன்

முதல் மாதம் ஒரு பைசாகூடச் செலவழிக்க வேண்டாம். லிப்ரிவாக்ஸ் என்று ஒரு இணையதளம் 2005 முதல் இருக்கிறது. காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகப் போடுகிறார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1898இல் புத்தகமாக வெளியிட்ட செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதை அங்கே கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே சில புத்தகங்களை ஒருவரே முழுக்க வாசித்திருப்பார், சிலவற்றை அத்தியாயத்துக்கு ஒருவராகப் பங்கு போட்டு வாசித்திருப்பார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அமெரிக்கக் குரல், நான்காவதில் வேறெங்கோ இருந்து இன்னொரு குரல் என்று மாறினால் புதிதாகக் கேட்கிறவருக்குத் தலை சுற்றும். ஒருவரே வாசித்த பதிவைத் தேடி எடுங்கள்.

தமிழில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் கதைகளை யாரும் வாசித்து வெளியிடலாம் என்பதால் யூடியூபிலேயே நிறைய இருக்கிறது. தரம் முன்னே பின்னே இருக்கும். ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் இலவச இணைப்பு.

ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டீர்கள் என்றால் காசு கட்டலாம். ஆடிபிள், ஸ்டோரிடெல் என்ற ஆப்கள் இரண்டிலும் தமிழ் இருக்கிறது. காசு கட்டும் முறையில் பொதுவாக மூன்று வகை உண்டு. மாதத்துக்கு ஒரு கிரெடிட், அதற்கு ஒரு புத்தகம் என்பது ஒன்று. மாதச் சந்தா கட்டிவிட்டு உள்ளே இருப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது இன்னொன்று. கிரெடிட்டை நான்கு மணி நேரப் புத்தகத்துக்குச் செலவழிப்பவன் பந்திக்குப் போய் அப்பளம் மட்டும் சாப்பிட்டவன். அதை நீளமான, விலை கூடிய புத்தகத்துக்கு வைத்துக்கொண்டு, சின்னதைச் சந்தாவில் கேளுங்கள்.

மூன்றாவது வகை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் காயின் போட்டுத் திறக்கும் தொடர்கதை ஆப்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு திடுக்கிடல் வைத்து, கதையை முடிக்காமலே இழுப்பார்கள். நானும் ஒன்றில் மாட்டினேன். பழிவாங்கத் திரும்பி வந்த மருமகன் 140ஆம் அத்தியாயத்திலும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சிகரெட் மாதிரிதான் அது, தொடாமல் இருப்பதே சுலபம்.

இலவச சோதனை மாதம் எடுத்தால், எடுத்த அன்றே முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். ஒரு சந்தாவை நான் மறந்துபோய் ஐந்து மாதம் காசு போனது பாங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

குரல்தான் பாதிப் புத்தகம்

கடையில் புத்தகம் வாங்கும்போது பின்னட்டையைப் பார்ப்போம். இங்கே பார்க்க வேண்டியது வாசிப்பவரை. பெரும்பாலான ஆப்களில் சில நிமிட மாதிரி இலவசமாக இருக்கும். அதில் வர்ணனையைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், வர்ணனையை யார் வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு பேர் பேசும் இடம் வரட்டும். யார் பேசுகிறார்கள் என்று 'என்றான்', 'என்றாள்' வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தால் வாங்குங்கள். வாசிப்பவர் ஆணாக இருந்து பெண் பாத்திரத்துக்காகக் குரலைக் கீச்சென்று ஆக்கினால் விட்டுவிடுங்கள், பதினைந்து மணி நேரம் அதைத் தாங்க முடியாது.

தமிழில் கேட்கும்போது இன்னொரு சோதனையும் உண்டு. வர்ணனை எழுத்துத் தமிழில் இருக்கும், வசனம் பேச்சுத் தமிழில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வாசிப்பவர் தடுக்காமல் தாண்டுகிறாரா என்று கேளுங்கள். கோயம்புத்தூர்க் கவுண்டரம்மா பேசும் வசனத்தைச் சென்னைக்காரர் வாசித்தால், 'ஏனுங்க' என்ற ஒரு சொல்லிலேயே சாயம் வெளுத்துவிடும். ழகரம் சரியாக வராதவர் மர்மக்கதை வாசித்தால் 'பழி' 'பளி' ஆகிறது. பயம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது.

எழுத்தாலேயே விளையாடும் கதைகளைக் காதுக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் நினைவுக்கு வரும் சுஜாதா நம் பெங்களூரில் பல வருடம் இருந்தவர்தான். இங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்து, வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கெடுத்துக்கொண்டே எழுதியவர். ஒருவன் படியிறங்குவதைக் காட்ட அந்தச் சொல்லின் எழுத்துகளையே படிப்படியாகக் கீழே இறக்கி அச்சிட வைத்தவர் அவர். வாசிப்பவர் என்ன செய்வார் பாவம், 'இறங்கினான்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர் கதைகளில் உரையாடல் வேகம் காதுக்கு அருமையாக வரும், பக்கத்தின் குறும்பு வராது. அவற்றைப் புத்தகமாகவும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை, எந்த வரிசையில்

கண்ணால் படிக்கும்போது பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. முப்பது நொடி பின்னால் போகும் பொத்தான் இருந்தாலும், கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கும்போது அது இல்லாதது மாதிரிதான். மூன்று வகையில் எது காதுக்கு எளிது, எது கடினம் என்பதை இந்த ஒரே விஷயம்தான் தீர்மானிக்கிறது. என் அனுபவத்தில் சஸ்பென்ஸ் முதலில், அறிவியல் கதை இரண்டாவது, மாயாஜாலம் கடைசியில்.

சஸ்பென்ஸுக்குத் திருப்ப முடியாததே பலம். கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் நம்மில் பாதிப் பேர். காதில் அது நடக்காது. இருட்டு மாடிப்படியில் ஒருவன் ஏறுகிறான் என்றால், வாசிப்பவர் ஏறுகிற வேகத்தில்தான் நீங்களும் ஏற வேண்டும். ஒருமுறை கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் இறங்க மனமில்லாமல் என் ஸ்டாப்பை விட்டுவிட்டேன். இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்துத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் இருந்தது பூனை.

ஆனால் சஸ்பென்ஸில் வாசிப்பவர் கதையைக் கெடுக்கவும் முடியும். போனில் மிரட்டும் அடையாளம் தெரியாத குரல் என்று எழுத்தாளர் எழுதிவிட்டுப் போய்விடுவார், பக்கத்தில் அதற்குச் சத்தம் கிடையாது. வாசிப்பவர் அதை ஏதோ ஒரு குரலில் பேசித்தானே ஆக வேண்டும்? நான் கேட்ட ஒன்றில் அந்த மிரட்டல் குரல் குடும்ப டாக்டரின் அதே கரகரப்போடு வந்தது. ஆறாம் அத்தியாயத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. மிச்சம் எட்டு மணி நேரம் அந்தக் கதையின் போலீஸ்காரரைப் பார்த்துப் பரிதாபப்பட்டதுதான் கண்ட பலன். கெட்டவனை முதல் வரியிலேயே கெட்டவனாக வாசிக்கிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் கதையாக எதைப் போடலாம் என்று கேட்டால், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' என்பேன். தூக்கம் வராத ஒரு எழுத்தாளர் தன் வாயாலேயே சொல்கிற பேய்க்கதை. ஒருவரே 'நான், நான்' என்று சொல்லும் கதை காதுக்கு மிக நெருக்கமாக இருக்கும். சிறுகதைதான், ஒரே பயணத்தில் முடிந்துவிடும். அதைக் கேட்டுப் பிடித்திருந்தால்தான் பத்து மணி நேரப் புத்தகத்துக்குப் போக வேண்டும்.

அறிவியல் புனைகதையில் கஷ்டம் முதல் ஒரு மணி நேரம்தான். கேள்விப்படாத உலகம், கேள்விப்படாத கருவி, அத்தியாயத் தலைப்பில் ஒரு வருடம், ஒரு கிரகத்தின் பெயர். அச்சில் தலைப்பைக் கண் ஓரமாகவே பார்த்துக்கொள்ளும். காதில் அது ஒரே ஒரு முறை வந்து, பஸ் பிரேக் சத்தத்தில் போய்விடும். நாலு காலத்தில் மாறி மாறி நடக்கும் கதைகளை ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். ஒரு ஆள், ஒரு சிக்கல், அதை அவன் எப்படித் தீர்க்கிறான் என்ற வகை நல்லது. முதல் அத்தியாயத்தைக் கூட்டம் இல்லாத நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். உலகம் பிடிபட்ட பிறகு பஸ்ஸுக்குக் கொண்டு போகலாம்.

ஆங்கிலம் ஓரளவு காதில் ஏறும் என்றால் ஆண்டி வெய்ரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி'யைக் கேட்டுப் பாருங்கள். ரே போர்ட்டர் வாசித்தது. 16 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், என் பஸ் கணக்கில் ஒரு வாரமும் அடுத்த திங்கள்கிழமைக் காலையும். அச்சிட்ட புத்தகத்தைவிட ஒலி வடிவம் ஒரு படி மேல் என்று நான் கூசாமல் சொல்லும் புத்தகம் இது ஒன்றுதான். அதில் வரும் வேற்றுக்கிரகவாசி நம்மைப்போலப் பேசாது, அதன் மொழியே இசைச் சுரங்கள்தான். அச்சில் அதற்கு இசைக் குறியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒலியில் அந்தச் சுரங்களே கேட்கின்றன. கொஞ்ச நேரத்தில், சந்தோஷமா கவலையா என்று அர்த்தம் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. சில்க் போர்டு பாலத்துக்கு அடியில் நாற்பது நிமிடம் அசையாமல் நின்ற ஒரு மாலையில்தான் அதன் முடிவைக் கேட்டேன். பஸ் கிளம்பியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சரி, மாயாஜாலம். நெல்லைத் தம்பியைத் தூங்க வைத்தது இதுதான். இந்த வகையில் பிரச்சினை பெயர்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் நான்கு இளவரசர்கள், மூன்று நாடுகள், ஒரு வாள், அந்த வாளுக்கும் ஒரு பெயர். கண்ணால் படிக்கும்போது பெயரின் வடிவத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

அப்படியானால் மகாபாரதத்தில் அத்தனை பெயரையும் படிக்காத பாட்டிகள் எப்படிக் காதாலேயே வைத்துக்கொண்டார்கள்? உபன்யாசம் சொல்கிறவரைக் கவனித்தால் தெரியும். கர்ணன் பெயர் வரும்போதெல்லாம் 'குந்தி ஆற்றில் விட்ட பிள்ளை' என்று ஒரு வால் சேர்த்துக்கொள்வார். வாயால் சொல்லப் பிறந்த கதைக்கு அந்த வால் உண்டு, அச்சுக்குப் பிறந்த நாவலுக்குக் கிடையாது. வாசிப்பவர்தான் அந்த வேலையைக் குரலால் செய்ய வேண்டும். ராய் டாட்ரிஸ் என்ற நடிகர் ஒரு பெரிய மாயாஜால நாவலில் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்து கின்னஸில் இடம்பிடித்தார். வித்தை காட்டுகிறார் என்று நினைத்தேன். கேட்டபோதுதான் புரிந்தது, அந்தக் கதைக்கு அது தேவைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: தொடரில் கை வைக்காமல் ஒரே பாகத்தில் முடியும் கதையாக எடுங்கள். கதையின் வரைபடம் இணையத்தில் இருந்தால் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அத்தியாயத்தை இரண்டு முறை கேளுங்கள். எழுதிக்கொள்ளப் பிடிக்குமானால் ஒரு துண்டுச்சீட்டில் 'இவன் அவளுடைய அண்ணன்' என்று குறித்துக்கொண்டாலே போதும். தம்பி இப்போது பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொள்கிறார்.

பல நடிகர்கள் சேர்ந்து, இசையும் குதிரைக் குளம்பொலியும் சேர்த்த நாடக வடிவங்களும் உண்டு. பெயர்க் குழப்பத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் பஸ் சத்தத்தோடு வாள் சத்தமும் சேர்ந்தால் வசனம் அமுங்கிப்போகும். வீட்டில் கேளுங்கள்.

போனில் மாற்ற வேண்டியவை

வேகத்தை முதல் வாரம் தொடாதீர்கள். பழகிய பிறகு 1.25 வைத்தால் 16 மணி நேரம் 13க்குள் முடியும். அதற்கு மேல் போனால் சஸ்பென்ஸில் வாசிப்பவர் வேண்டுமென்றே விடும் மௌனமும் சுருங்கிவிடுகிறது. இரட்டை வேகத்தில் கேட்டேன் என்று பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சாப்பாட்டைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் ஞாபகம் வரும். இரவில் கேட்டால் ஸ்லீப் டைமரை 15 நிமிடத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் கதாநாயகன் எப்படிச் செத்தான் என்று தெரியாமல் அவன் கருமாதியில் கண் விழிப்பீர்கள்.

காது விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை ஜெயிக்க நாம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து. காதுக்குள் அடைத்துப் பொருந்தும் இயர்போன் வாங்குங்கள், வெளிச்சத்தம் குறைந்தால் உள்சத்தம் தானாகக் குறையும். எந்த ஸ்டாப் என்று காதில் விழ வேண்டும் என்றால் ஒரு காதை மட்டும் விட்டுவிடலாம்.

பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். காசு கட்டியாயிற்றே என்று இழுத்துப் பிடித்துக் கேட்காதீர்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டக்கூட வராது. ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் கன்னடமும் இந்தியும். இந்த ஊரில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள் அப்படித்தான். அவள் அம்மா பீன்ஸ் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து 'காஞ்சனை' கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை பால் வாங்க வந்தவள் என்னை நிறுத்தி, "அங்கிள், அந்தப் பொண்ணு நிஜமாவே பேயா இல்லையா? கடைசியில தெளிவாச் சொல்லவே இல்லையே" என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். "அப்போ இன்னொரு தடவை கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, காதில் ஒற்றை இயர்போனோடு படியேறிப் போனாள்.